மூளையில் ஏ.வி.எம்.: பார்த்திருப்பதா, வெட்டி எடுப்பதா, கதிரால் மூடுவதா?

நாடிகளில் அழுத்தத்தோடு வரும் குருதி நுண்ணிய மயிர்க்குழாய்களில் பரவி, வேகம் தணிந்த பின்னரே நாளங்களைச் சேரும். ஏ.வி.எம். என்பது நாடிகளும் நாளங்களும் நேரடியாகப் பின்னிக்கொண்ட குருதிக்குழாய்ச் சிக்கல்; அது உள்ள இடத்தில் அந்த நடுக்கட்டம் இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயலில் பாயவிடாமல் பெரிய வாய்க்காலில் இருந்து நேரே கழிவு வாய்க்காலுக்குள் திறந்துவிட்டது போன்ற நிலை அது. 34 வயதில் முதல் வலிப்பு வந்த என் தங்கையின் ஸ்கான் படத்தை விறாந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, வலது முன்மூளையில் சிக்குப்பட்ட தங்கூசி நூல் போல அது தெரிந்தது.

எதை ஒப்பிடுவதற்கும் முன் கேட்கவேண்டியது, அது ஏற்கெனவே கசிந்ததா என்பதே. கசியாத ஏ.வி.எம். ஓராண்டில் கசியும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 2. ஒருமுறை கசிந்ததற்கு அது 4 அல்லது 5 ஆகவும், கசிந்த முதலாண்டில் இன்னும் கூடுதலாகவும் இருக்கிறது. தங்கையினுடையது கசியவில்லை.

பார்த்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. வலிப்பு மாத்திரையை நேரம் தவறாமல் எடுப்பது, பிறஷரைக் கட்டுப்படுத்துவது, குறித்த காலத்தில் ஸ்கான் எடுப்பது, தனியே கிணற்றடிக்குப் போகாமலும் மோட்டார் சைக்கிள் ஓட்டாமலும் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். இந்த வழிக்கு வலுவான ஆதாரம், கசியாத ஏ.வி.எம். உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான அரூபா ஆய்வு: சராசரி 33 மாதங்களில், மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 10 பேருக்கும், வெட்டுதல், கதிர், அடைத்தல் போன்ற தலையீட்டுச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 31 பேருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. ஆனால் அதில் சத்திரசிகிச்சை பெற்றவர்கள் மிகச் சிலர். 33 மாதங்கள் என்பதும் ஓர் இளம் தாயின் ஆயுளுக்கு முன் மிகச் சிறிய காலம். ஆண்டுக்கு 2 என்ற கணக்கு மாறாமல் தொடர்ந்தால், 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது கசியும் வாய்ப்பு நூற்றுக்கு 45ஐ எட்டிவிடும்.

சத்திரசிகிச்சையின் ஆபத்து பெரும்பாலும் அந்த ஒரு நாளிலும் அடுத்த சில வாரங்களிலும் குவிந்திருக்கிறது. முழுதாக எடுக்கப்பட்டுவிட்டால் கசிவுப் பயம் அன்றோடு ஏறக்குறைய நீங்கிவிடும். யாருக்கு அது பொருந்தும் என்பதை 1986இல் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்களான ஸ்பெட்ஸ்லரும் மார்ட்டினும் வகுத்த தரப்படுத்தல் காட்டுகிறது: அளவு, பேச்சு அசைவு போன்றவற்றை ஆளும் பகுதியில் அது இருக்கிறதா என்பது, குருதி ஆழமான நாளங்களுக்குள் வடிகிறதா என்பது ஆகிய மூன்றுமே புள்ளியைத் தீர்மானிக்கின்றன. 3 சென்றிமீற்றருக்குக் குறைந்து, மேற்பரப்பில், பாதுகாப்பான பகுதியில் இருந்தால் அது முதலாம் தரம். நான்காம், ஐந்தாம் தரங்களைப் பெரும்பாலும் வெட்டத் துணிவதில்லை.

கதிர்ச் சிகிச்சையில் மண்டையோட்டைத் திறப்பதில்லை என்பதால் வீட்டில் எல்லோரும் முதலில் அதையே விரும்பினோம். ஆனால் சிக்கல் மூடிக்கொள்ள 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும், அதுவரை கசியும் ஆபத்து நீங்காது. ஆழத்தில் உள்ள சிறிய ஏ.வி.எம்.களுக்கு அது நல்ல வழிதான்; ஆனால் திடீரெனக் கசிந்தால் மாவட்டத்தைத் தாண்டி ஏ9 வீதியில் விரைய வேண்டிய எங்களுக்கு அந்தக் காத்திருப்பு கூடுதலாகவே கனக்கிறது. தொடை இடுக்கால் குழாய் செலுத்திப் பசை போன்ற பொருளால் அடைப்பது, தனியே முழுத் தீர்வாவது அரிது. பெரும்பாலும் மற்ற இரண்டுக்கும் முன்னேற்பாடு.

வன்னியில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தங்கையின் கெண்டைக்காலில் 2009இன் ஷெல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது, எம்.ஆர்.ஐ.யின் காந்தம் உலோகத்தை அசைக்கவோ சூடாக்கவோ கூடும் என்பதால் முன்கூட்டியே சொன்னோம், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பின்னரே முடிவெடுத்தார்கள்.

அவளுடையது முதலாம் தரம். வெட்டி எடுப்பதே அவளுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். 60 வயதில், ஆழத்தில் இருந்திருந்தால் பார்த்திருக்கவே சொல்லியிருப்பேன். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் நிபுணரிடம் கேட்கவென்று எழுதி வைத்திருக்கிறாள்: "இப்படியானதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்தனீங்கள்? அதில எத்தனை பேர் திரும்ப வேலைக்குப் போனவை?"