வாந்திக்கு ஊசி: எமிசெட்டா, பெரினார்மா, ஃபெனர்கனா? போட்டுக்கிறவங்க பக்கத்துல இருந்து ஒரு ஒப்பீடு

வாந்தி நிக்கலன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா நம்ம ஊர்ல பாதி பேரு டாக்டர் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே "ஒரு ஊசி போட்டு விட்ருங்க"ன்னு கேட்டுடுறோம், கையையும் நீட்டிடுறோம், ஆனா அது என்ன மருந்து, நரம்புல போறதா இடுப்புல போறதா, எவ்ளோ வேகமா ஏத்தணும்னு யாரும் கேக்குறதே இல்ல. எங்கம்மாவுக்கு கீமோ நடந்த காலத்துல டே கேர்ல பக்கத்துல உக்காந்து இந்த ஊசியெல்லாம் பாத்தேன், எனக்கே ஒத்தத் தலைவலி வந்தா கூடவே கொடல பொரட்டிக்கிட்டு வரும், அதுக்கும் போட்டுக்கிட்டிருக்கேன். நான் டாக்டர் கிடையாது. எந்த மருந்துங்கறத டாக்டர்தான் முடிவு பண்ணணும், ஆனா எந்த மருந்துக்கு நாம என்ன சொல்லணும், எதைப் பாத்தா உடனே சத்தம் போடணும்ங்கறது நம்ம கையில இருக்கு. அதுக்காகத்தான் இத எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். எமர்ஜென்சில வர்ற சாதாரண வாந்திக்கு இந்த மருந்துகள ஒண்ணோட ஒண்ணு வெச்சு ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுகள்ல, வாந்திய நிறுத்துற சக்தில பெருசா வித்தியாசம் தெரியல. வித்தியாசமெல்லாம் அது நம்ம உடம்புல வேற என்ன பண்ணுதுங்கறதுலதான் இருக்கு. அதனால "எது ஸ்ட்ராங்கான ஊசி"ன்னு கேக்காம "எனக்கு எது ஆகாது"ன்னு கேளுங்க.

ஒண்டான்செட்ரான், அதாவது எமிசெட்னு நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சது, 1991ல அமெரிக்காவுல கீமோ வாந்திக்காக அனுமதி கெடைச்ச மருந்து. அதுக்கு முன்னாடி கீமோன்னாலே பக்கெட்ட பக்கத்துல வெச்சுக்கிட்டு படுத்திருந்த காலம், இது வந்த அப்புறம் நெறைய பேரு அதே நாள்ல வீட்டுக்கு எழுந்து போக முடிஞ்சது, அந்த அளவுக்கு பெரிய மாற்றம். குடல்ல இருந்தும் மூளையில இருந்தும் வர்ற செரோடோனின் சிக்னல இது தடுக்குது. தூக்கம் வராது, கழுத்து இழுக்காது, அதனாலதான் இப்போ எங்க போனாலும் முதல்ல இதையே போடுறாங்க. தலைவலி வரலாம், மலச்சிக்கல் வரலாம், ஒடம்பு கொஞ்சம் சூடாகுற மாதிரி இருக்கும், அவ்ளோதான் பெரும்பாலானவங்களுக்கு. (தலைவலிக்காரங்களுக்கு இது வாந்திய நிறுத்திட்டு தலைவலிய விட்டுட்டுப் போகும், சில சமயம் கூட்டியும் விடும், என் அனுபவம் அப்படித்தான்.)

இதுல பாக்க வேண்டியது இதயம். ஈசிஜில க்யூ-டி இடைவெளின்னு ஒண்ணு இருக்கு, இந்த மருந்து அத நீட்டும், ரொம்ப நீண்டா இதயத் துடிப்பு தாறுமாறா ஆகலாம். முன்ன ஒரே டோஸா 32 மில்லிகிராம் நரம்புல ஏத்திக்கிட்டிருந்தாங்க, 2012ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அது ஆபத்துன்னு நிறுத்தி ஒரு தடவைக்கு 16க்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நமக்கு சாதாரணமா போடுறது 4 இல்லன்னா 8 தான், அதனால பயப்பட வேணாம், ஆனா ஒண்ண கவனிங்க: ரெண்டு நாளா வாந்தி பேதின்னு கெடக்குறவங்களுக்கு ஒடம்புல பொட்டாசியமும் மக்னீசியமும் ஏற்கனவே எறங்கியிருக்கும், அது எறங்கினா இதே பிரச்சன வர வாய்ப்பு கூடும், அதோட கூட தொண்ட வலிக்கோ சளிக்கோ அசித்ரோமைசின், வயித்துப் போக்குக்கு சிப்ரோஃப்ளாக்சசின், மனசுக்கு எஸ்சிட்டாலோபிராம்னு ஏதாச்சும் ஓடிக்கிட்டிருந்தா அதெல்லாமும் அதே பக்கமா இழுக்குற மாத்திரைங்க. தனித்தனியா எதுவும் தப்பில்ல, எல்லாம் ஒண்ணா சேருறதுதான் பிரச்சன, அத டாக்டருக்கு நாம சொன்னாத்தான் தெரியும். வீட்ல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு மயங்கி விழுந்து இறந்திருந்தாலும், "பொறப்புலயே க்யூ-டி நீளம்"னு யாருக்காவது சொல்லியிருந்தாலும் அதையும் கட்டாயம் சொல்லணும். கல்லீரல் ரொம்ப கெட்டுப் போனவங்களுக்கு ஒரு நாளைக்கே மொத்தம் 8 மில்லிகிராம்தான். கர்ப்பமா இருக்கறவங்க முதல் மூணு மாசத்துலன்னா அத சொல்லிட்டு பேசுங்க, கொழந்தைக்கு ஒதடு அண்ணம் பிளவு வர்ற வாய்ப்பு ரொம்பக் கொஞ்சமா கூடலாம்னு ஐரோப்பாவுல 2019ல எச்சரிக்கை கொடுத்திருக்காங்க. நரம்புல ஏத்தும்போது அரை நிமிஷத்துக்குக் கொறஞ்சு தள்ளவே கூடாது, ரெண்டுல இருந்து அஞ்சு நிமிஷம் எடுத்துக்கிட்டா நல்லது.

அடுத்தது மெட்டோக்ளோபிரமைட், பெரினார்ம், ரெக்லான்னு வர்றது. வெல கம்மி, எல்லா எடத்துலயும் கெடைக்கும், வயித்துல தங்குனத கீழ தள்ளி விடும், ஒத்தத் தலைவலிக்கு வாந்தியோட சேத்து தலைவலியையும் கொறைக்கும், அந்த விஷயத்துல எமிசெட்ட விட இது எனக்கு நல்லாவே கேட்டிருக்கு. ஆனா இது மூளையில சிக்னல் கொண்டு போற டோபமினத் தடுக்குற மருந்து, அதனால சில பேருக்கு தசை இழுத்துக்கும். வழக்கமான டோஸ்ல சுமார் 500 பேர்ல ஒருத்தருக்கு வரும்னு சொல்றாங்க, 30 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் அதிகம், முதல் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள வரும்.

எங்க அக்கா பொண்ணுக்கு இது வந்ததக் கண்ணால பாத்தேன். காலேஜ் படிக்கிற பொண்ணு, வெளிய சாப்பிட்டது ஒத்துக்காம வாந்தி, மத்தியானம் ஊசி போட்டுட்டு வீட்டுக்கு வந்தாச்சு, வாந்தி நின்னுடுச்சு, சாயங்காலம் கஞ்சி கூட குடிச்சா. ராத்திரி பத்து மணி வாக்குல கழுத்து ஒரு பக்கமா திருகிக்கிட்டே போகுது, கண்ணு ரெண்டும் மேல சொருகுது, தாடை இறுகி நாக்கு குழறுது, வீட்ல எல்லாரும் ஃபிட்ஸ்னு கத்துறாங்க, அத்தை ஒருத்தங்க விபூதி எடுக்க ஓடுறாங்க. ஆனா பாப்பாவுக்கு நெனவு முழுசா இருந்துச்சு, நாம பேசுறது எல்லாம் புரிஞ்சுது, கண்ணுல தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ஃபிட்ஸுல அப்படி இருக்காது. எமர்ஜென்சில இருந்த டியூட்டி டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "இன்னைக்கு வாந்திக்கு ஊசி ஏதாவது போட்டீங்களா?" மத்தியானச் சீட்டு அக்கா பர்ஸுல இருந்துச்சு, எடுத்துக் காட்டினதும் இடுப்புல ஃபெனர்கன் போட்டாங்க, கொஞ்ச நேரத்துல கழுத்து தானா நேரா வந்துச்சு. ஆமா, இந்தக் கதையோட மூணாவது ஆளேதான், ஒரு வாந்தி ஊசி பண்ணினத சரி பண்ண இன்னொரு வாந்தி ஊசி.

இழுப்ப விட அதிகமா நடக்குறது ஒண்ணு இருக்கு, யாரும் அதுக்கு பேரு சொல்றதில்ல. வேகமா நரம்புல தள்ளிட்டா ஒடனே ஒரு படபடப்பு, உக்கார முடியாது, படுக்க முடியாது, ட்ரிப்ஸப் பிடுங்கி எறிஞ்சுட்டு ஓடிடணும் போல இருக்கும். எனக்கு ஒரு தடவ வந்திருக்கு, காரணமே இல்லாம சாகப்போறோம்னு ஒரு பயம். அது மனசு பலவீனம் கெடையாது, மருந்தோட வேல, அதனால "எனக்கு இருப்பே கொள்ளல"ன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. 10 மில்லிகிராம மூணு நிமிஷமாவது எடுத்து மெதுவா ஏத்தினா இது நல்லா கொறையும், ஐரோப்பாவுல விதியே அப்படித்தான், அங்க 2013லயே அஞ்சு நாளைக்கு மேல வேணாம், நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல வேணாம்னு கட்டிப் போட்டுட்டாங்க. மாசக்கணக்குல எடுத்தா மொகம் நாக்கெல்லாம் தானா அசையுற ஒரு வியாதி வந்து நிக்காமலே போகலாம், அதுக்கு அமெரிக்காவுல 2009ல மருந்துச் சீட்டுல பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டாங்க, அங்க இருக்குறதுலயே கடுமையான எச்சரிக்கை அதுதான். பார்க்கின்சன் இருக்கறவங்களுக்கும், குடல் அடைப்பு சந்தேகம் இருக்கறவங்களுக்கும், ஒரு வயசுக்குள்ள கொழந்தைக்கும் இது கூடவே கூடாது. கிட்னி கெட்டவங்களுக்கு டோஸக் கொறைக்கணும்.

மூணாவது ப்ரோமெதசின், ஃபெனர்கன். பஸ்ஸுல மலையேறும்போது வர்ற வாந்தி, தலசுத்தலோட வர்ற வாந்தி, அதுக்கெல்லாம் எமிசெட் பெருசா கேக்காது, இது கேக்கும். நல்லா தூக்கம் வரும், அன்னைக்கு பூரா வண்டி ஓட்டக் கூடாது. வயசானவங்களுக்கு கொழப்பம் வரும், ப்ராஸ்டேட் பெருத்தவங்களுக்கு ஒண்ணுக்கு அடைச்சிக்கும், ரெண்டு வயசுக்குக் கீழ கொழந்தைக்கு மூச்சே நின்னு போகலாம்னு தடை. ஆனா நான் இத கடைசியா வெச்சது வேற காரணத்துக்காக.

2000ல அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல டயானா லெவின்னு ஒரு இசைக்கலைஞர், ஒத்தத் தலைவலியும் வாந்தியும்னு கிளினிக் போறாங்க. முதல்ல தசையில ஃபெனர்கன் போட்டாங்க, ஒண்ணும் ஆகல, வலி மட்டும் அடங்கல. அதே நாள் மறுபடி வந்தப்போ நரம்புல நேரா தள்ளினாங்க, மருந்து எப்படியோ தமனிக்குள்ள, அதாவது இதயத்துல இருந்து கைக்கு ரத்தம் கொண்டு போற குழாய்க்குள்ள, போயிடுச்சு, கை அழுக ஆரம்பிச்சு கடைசில முன்னங்கைய வெட்டி எடுக்க வேண்டியதாயிடுச்சு. கிட்டார் வாசிக்கிற கை. ஒரே மருந்து, ஒரே நாள், ஒரே ஆளு, போட்ட வழி மட்டும்தான் வேற. மருந்து கம்பெனி லேபிள்ல போதுமான எச்சரிக்கை இல்லன்னு அவங்க போட்ட கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 2009ல 6க்கு 3ங்கற கணக்குல அவங்களுக்கு சாதகமா தீர்ப்பு வந்துச்சு, அதே வருஷம் எஃப்டிஏ இந்த மருந்துக்கு பெட்டி எச்சரிக்கை போட்டுச்சு, 2023 டிசம்பர்ல இன்னும் இறுக்கி, தசையில ஆழமா போடுறதுதான் சரி, நரம்புலதான் ஆகணும்னா நல்லா கலக்கி ட்ரிப்ஸா மெதுவா ஏத்துங்க, கை மணிக்கட்டுல இருக்குற சின்ன நரம்பு வேணாம்னு சொல்லிடுச்சு. தோலுக்கு அடியில போடவே கூடாது.

அதனால ஃபெனர்கன்னு காதுல விழுந்தா "இடுப்புலயே போட்டுடுங்க சிஸ்டர்"னு கேளுங்க, வெக்கப்படாதீங்க. நரம்புல போகும்போது எரிச்சலோ வலியோ வந்தா அந்த நொடியே "நிறுத்துங்க, எரியுது"ன்னு சத்தமா சொல்லணும். "கொஞ்சம் எரியத்தான் செய்யும்"னு பதில் வந்தாலும் திரும்ப சொல்லுங்க. விரல் வெளுத்தாலோ நீலமானாலோ, வீட்டுக்குப் போன அப்புறம் வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ அப்பவே திரும்பிப் போகணும், ஐஸ் ஒத்தடம் கொடுத்துப் பாக்கலாம்னு ராத்திரியக் கடத்தாதீங்க.

மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா என் கணக்கு இதுதான். சாதாரண வாந்தி, சின்ன வயசு, இதயத்துல கோளாறு இல்லன்னா எமிசெட். ஒத்தத் தலைவலின்னா மெட்டோக்ளோபிரமைட், ஆனா மெதுவா, முன்ன இழுத்துக்கிட்ட வரலாறு இல்லாம இருக்கணும். ஃபெனர்கன் நரம்புலன்னா எனக்கோ என் வீட்டு ஆளுங்களுக்கோ வேணாம்னு சொல்லிடுவேன், இடுப்புலன்னா சரி. ஸ்டெமெட்டில்னு (ப்ரோக்ளோர்பெரசின்) இன்னொரு வாந்தி ஊசியும் இருக்கு, அதுவும் மெட்டோக்ளோபிரமைட் மாதிரியே டோபமின் பக்கம்தான், அதே இழுப்பு இதுலயும் வரும், கூடவே பிபி எறங்கும், ஊசி போட்டதும் சட்டுனு எழுந்து நடக்காம கொஞ்ச நேரம் படுத்திருக்கணும்.

கீமோவுக்குப் போறவங்களுக்குக் கணக்கே வேற, அங்க ஒரு ஊசி கெடையாது, சேத்துதான் கொடுப்பாங்க. பாலோனோசெட்ரான் எமிசெட்டோட அண்ணன் மாதிரி, எமிசெட் சில மணி நேரத்துல பாதி கொறைஞ்சிடும், இது பாதியாகவே சுமார் 40 மணி நேரம் ஆகும், அதனால மறுநாள் வர்ற வாந்திக்கும் கேக்கும். இத போட்டிருந்தா வீட்ல கூட எமிசெட் மாத்திரை போடலாமான்னு கேட்டுட்டே போடுங்க, ரெண்டும் ஒரே வகை. கூடவே டெக்சாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு போடுவாங்க, அத வேகமா தள்ளினா பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களுக்குன்னு இல்லாம கீழ அடிப்பக்கம் மொளகாப் பொடி பட்ட மாதிரி ஒரு எரிச்சல் கெளம்பும், அம்மா அத வெளிய சொல்ல முடியாம பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாங்க. அடுத்த தடவ கலக்கி மெதுவா விட்டாங்க, ஒண்ணுமே இல்ல. சுகர் இருக்கறவங்களுக்கு இதுல ரெண்டு மூணு நாளைக்கு சுகர் எகிறும், மிஷின்ல பாத்துக்கிட்டே இருங்க.

இன்னொரு போட்டியாளரையும் சேத்துக்கணும், அது மாத்திரை. நாக்குல கரையுற ஒண்டான்செட்ரான் மாத்திரைக்கு நரம்பும் வேணாம் ஊசியும் வேணாம், கொழந்தைங்களுக்கு வாந்தி பேதில டாக்டர் சொன்ன அளவுல அத கொடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஓஆர்எஸ்ஸ ஸ்பூன் ஸ்பூனா ஊட்டினா ட்ரிப்ஸ் போட வேண்டிய அவசியமே நெறைய பேருக்கு வராம போகுது. ஊசி போடுறதுக்கு முன்னாடி கைய தொடைக்கிற ஸ்பிரிட் பஞ்ச மூக்குக்கிட்ட வெச்சு மெதுவா இழுத்தாலே குமட்டல் அடங்குதுன்னு அமெரிக்க எமர்ஜென்சிகள்ல நடந்த ஆய்வுகள்லயே வந்திருக்கு, ஊசி வர்ற வரைக்கும் சிஸ்டர்கிட்ட ஒரு பஞ்சு கேட்டு வாங்கிக்கலாம். ஆனா ரத்தமா, பச்சையா வாந்தி வந்தா, வயிறு கல்லு மாதிரி இருந்தா, தலையில அடிபட்ட அப்புறம் வந்தா, ரொம்ப நேரமா ஒண்ணுக்கே போகலன்னா மாத்திரைய நம்பி வீட்ல இருக்காதீங்க. மெடிக்கல் ஷாப்புல ஊசி போட்டுக்கிறதும் வேணாம், இழுத்துக்கிட்டாலோ மூச்சு தெணறினாலோ அங்க பாக்க ஆள் கெடையாது.

கெளம்பும்போது போட்ட ஊசியோட பேரு, அளவு, நேரம் மூணையும் சீட்டுல எழுதி வாங்குங்க, இல்லன்னா காலியான பாட்டில ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க. இழுப்பு வர்றது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த அப்புறம்தான், அப்போ நீங்க ஓடுற ஆஸ்பத்திரி வேறயா இருக்கும், அங்க இருக்குற டாக்டருக்கு அந்தப் பேரு இருந்தா உடனே வைத்தியத்த ஆரம்பிச்சிடலாம், இல்லன்னா ஸ்கேன் அது இதுன்னு ராத்திரி பூரா ஓடிடும்.