அம்மா போன பிறகும் வந்தவர்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் ஊரில் இயங்கும் பாலியேட்டிவ் (கடும் நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பு) தன்னார்வலர் குழுவைப் பற்றி எழுதுகிறேன். புற்றுநோயில் படுத்திருந்த அம்மாவை ஏழு மாதங்கள் வீடு தேடி வந்து பார்த்தவர்கள், அவர் இறந்த பிறகு அப்பாவைப் பார்க்கவும் வந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் எல்லோரும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அம்மாவுக்குத் தந்திருந்த வாட்டர் பெட்டை, அதாவது நீர் நிரப்பிய மெத்தையை, திரும்ப வாங்கத்தான் குழுவினர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் புண் கட்டிவிட்ட அக்கா திண்ணையில் அமர்ந்து, "அப்பா, ராத்திரி தூக்கம் வருதுங்களா?" என்று கேட்டார். எங்களிடம் வாய் திறக்காத அப்பா, பத்து, இரண்டு, ஆறு என்று அம்மாவுக்கு மாத்திரை கொடுத்த மணி ஆகும்போதெல்லாம் மார்ஃபின் என்ற அந்த வலி மாத்திரை டப்பாவைத் தேடிக் கை போகிறது என்றார். அக்கா ஆறுதல் எதுவும் சொல்லாமல் அந்த டப்பாவை எடுத்துவரச் செய்து, மீதமிருந்த மாத்திரைகளை அப்பாவையே எண்ண வைத்து, நோட்டில் குறித்து வாங்கிக்கொண்டார். அம்மாவின் வலியை உடனிருந்து பார்த்தவர் என்பதால்தான் அப்பா அவரிடம் பேசினார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று நினைவூட்டியவர்களும் இவர்களே.

1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலிநிவாரணப் பணி, அக்கம்பக்கத்தாரைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பும் முறையாகக் கேரளமெங்கும் வளர்ந்தது. 2008இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. குடும்பத்தின் துயரத்தையும் நோயாளியோடு சேர்த்துக் கவனிப்பது இப்பணியின் ஒரு பகுதி. எங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் இத்தனை வாழும் பகுதியில், அவர்கள் தந்த தாள்கள் எல்லாம் மலையாளத்தில் மட்டுமே இருந்தன. அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அதைவிடப் பெரிய குறை, ஏற்கெனவே இவர்களிடம் பதிவு செய்த நோயாளியின் வீட்டுக்கே இந்த வருகை கிடைக்கிறது என்பது. எங்கள் தெருவில் சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. நான் சொன்ன பிறகு ஒருமுறை போனார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு வருகை போதாது; மாதம் ஒருமுறையாவது போக வேண்டும் என்று அவர்களிடமே கேட்டிருக்கிறேன்.