குன்னூர் ஏர் பிரேக் பட்டறை: அளந்து பார்த்த பிறகே பிரேக் பேடில் கை வைக்கிறார்கள்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தேயிலை மூட்டை ஏற்றி இறங்கும் எங்கள் லாரிக்குப் பதினைந்து வயது கடந்துவிட்டது. முன் அச்சில், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டைக் (டிஸ்க்) காற்றழுத்தத்தால் பிடித்து நிறுத்தும் ஏர் டிஸ்க் பிரேக்கும், பின் அச்சில் டிரம் பிரேக்கும் உள்ள வண்டி. டிரம் பிரேக் வேலை தெரிந்தவர்கள் மலையில் நிறையவே இருக்கிறார்கள். கனரக வண்டியின் டிஸ்க் பிரேக்கைப் பிரித்துச் சரியாகக் கோக்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு இறங்கும் வண்டியில் முன்பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஓட்டுநரின் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால்தான் இந்தப் பட்டறையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, சமவெளியில் உள்ள ஒரு பட்டறையில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுப் பட்டையான பேட் புதிதாகப் போட்டோம். அரை நாளில் வேலை முடிந்தது. வண்டியும் நன்றாகவே நின்றது. ஆனால் நான்கு மாதத்துக்குள், பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. வழியில் உள்ள பர்லியாரில் தேநீருக்காக நிறுத்தும்போதெல்லாம் இடது சக்கரத்திலிருந்து கருகிய வாடை வருவதாக எங்கள் ஓட்டுநர் சொன்னார். அவர் சொன்ன பிறகும் இரண்டு நடை அனுப்பினேன். அது தவறு.

குன்னூரில் மேட்டுப்பாளையம் சாலைப் பக்கம் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. லாரிக்காரர்கள் ஏர் பிரேக் பட்டறை என்றே சொல்கிறார்கள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், பேட் வாங்கி வந்தீர்களா என்று பட்டறைப் பெரியவர் கேட்கவில்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின்மேல் இறக்கி, சக்கரங்களைக் கழற்றிய பிறகு, பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரை இரண்டு கைகளாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார். வலப்பக்கத்துக் கேலிப்பர் லேசாக முன்னும் பின்னும் நகர்ந்தது. இடப்பக்கத்தது அசையவே இல்லை. “தம்பி, தேஞ்சது பேடுதான், ஆனா வியாதி பேடுல இல்ல, பின்னுல இருக்கு” என்றார் ஓட்டுநரிடம்.

இந்த வகை பிரேக்கில், காற்றின் அழுத்தத்தால் சேம்பர் என்ற காற்றறை தள்ளும் விசை முதலில் உள்பக்கத்துப் பேடைத்தான் டிஸ்க்கில் அழுத்துகிறது. அதன் எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும், பெரியவர் சொன்ன பின்களின்மேல் (கைட் பின் என்ற இரும்புத் தண்டுகள்) சறுக்கி வந்து வெளிப்பக்கத்துப் பேடை இழுத்துப் பிடிக்கிறது. இந்தக் கைட் பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் இந்தச் சறுக்கல் நின்றுபோகிறது. உள் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும். கழற்றிய பேட்களைச் சாக்கின்மேல் அடுக்கி வைத்தபோது இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இடது உள் பேட், ஒரு முனையில் இரும்புத் தகடு தெரியும் அளவுக்கு, ஆப்புபோலச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. அதன் ஜோடியான வெளி பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கைட் பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்ததால், மலை மழையும் சாலைச் சேறும் உள்ளே போய், கிரீஸ் செம்மண் குழம்பாக மாறியிருந்தது. முதல் பட்டறையில் இதைப் பார்க்காமலேயே புதிய பேடைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

அடுத்து டிஸ்க்கை அளந்தார்கள். எங்கள் வண்டியின் டிஸ்க் புதிதாக இருக்கும்போது 45 மில்லிமீட்டர் தடிமன் உடையது. 37 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கழித்துவிட வேண்டும். வலப்பக்கம் 41 இருந்தது, இடப்பக்கம் 38. எல்லைக்குள்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன். புதிய பேட் தேய்ந்து முடிவதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும் என்று விளக்கிய பெரியவர், சூட்டில் விழுந்த மெல்லிய வெடிப்புகளில் ஒன்று விளிம்பை நோக்கி நீண்டிருப்பதையும் விரல் நகத்தால் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு சமமாக இருக்காது என்பதால், இரண்டு டிஸ்க்குகளையும் நான்கு பேட்களையும் சேர்த்தே மாற்றச் சொன்னார். செலவு கூடுகிறதே என்ற தயக்கம் எனக்கு இருந்தது. காரணம் நியாயமாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

வேலையின் சுத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தார்கள். புதிய கைட் பின், அது சறுக்கும் உள்குழாயான புஷ், ரப்பர் பூட் எல்லாம் போட்டு, கேலிப்பர் விரல் அழுத்தத்தில் சறுக்குகிறதா என்று பார்த்த பிறகே பேடைப் பொருத்தினார்கள். பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருப்ப, காற்றில் சுழலும் ஏர் கன்னைத் தொடவே இல்லை. சிறிய ஸ்பேனரால், கிளிக் ஓசையை எண்ணிக்கொண்டே, கையால் திருப்பினார் பெரியவரின் மகன். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருப்பதைக் கேஜ் விட்டு உறுதி செய்தார்கள். முதல் சில நடைகளுக்குப் பாதிச் சுமைதான் ஏற்ற வேண்டும், அவசரம் இல்லாமல் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, இறக்கத்தில் தாழ்ந்த கியரையும், என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் நம்பி வர வேண்டும் என்று ஓட்டுநரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள்.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் எடுக்கிறார்கள். நாங்கள் ஆறு நாள் காத்திருந்தோம். உதிரி பாகங்கள் அங்கே இருப்பில் இல்லை. கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பி நாமே வாங்கித் தர வேண்டும். கூரை போதாததால் மழை வலுத்தால் வேலை நின்றுவிடுகிறது, எங்களுக்கு ஒரு பிற்பகல் அப்படியே போனது. கூலியாக 7,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள் உழைப்புக்கு அது அதிகம் இல்லை என்பது என் கருத்து.

மூன்று மாதம் கழித்து, கூப்பிடாமலேயே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் பழைய நோட்டை எடுத்து, அன்று எழுதிவைத்த அளவுகளுக்குப் பக்கத்தில் புதிய அளவுகளை எழுதினார். இடது சக்கரத்தின் உள் பேடுக்கும் வெளி பேடுக்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் கைட் பின்னின் ரப்பர் உறையைக் காட்ட வரச் சொல்லி, அதையும் அந்த நோட்டிலேயே குறித்துக்கொண்டார்.