கடலடிக் கேபிள் முதல் கடை வைஃபை வரை: எந்த நெட்வொர்க் எதைத் தாங்கும்?

கணினி வலையமைப்பு என்றதும் பாடப்புத்தகம் நான்கு வகைகளைச் சொல்லும். மேசையளவில் தனிப்பரப்பு, கட்டடத்துக்குள் குறும்பரப்பு, ஊருக்குள் பெருநகர, ஊர் தாண்டினால் விரிபரப்பு. பரப்பளவை வைத்துப் பிரித்த பிரிவு இது, தேர்வுக்குப் போதும். ஆனால் கடைக்கோ அலுவலகத்துக்கோ நெட்வொர்க் போட வேண்டியவருக்கு இந்தப் பட்டியல் எதையும் முடிவு செய்து தராது. ஒவ்வொரு பரப்பிலும் குறைந்தது இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன, அவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

விளம்பரங்கள் வேகத்தைக் காட்டி விற்கின்றன. நான் முதலில் கேட்பது வேறு: ஓரிடத்தில் அறுந்தால் எத்தனை பேருக்கு வேலை நிற்கும்? எவ்வளவு நேரம் நிற்கும்? இந்தக் கேள்வியோடு, பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவோம்.

கடலடிக் கேபிளா, செயற்கைக்கோளா

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரையும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வேறு பல தீவுகளையும் அது தொடுகிறது. அதற்கு முன்பு அங்கே இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. சிக்னல் மேலே ஏறிக் கீழே இறங்க 72,000 கிலோமீட்டர், ஏறக்குறைய கால் விநாடி. பதில் வரவும் அதே தூரம். ஆக ஒரு கேள்விக்கு ஒரு பதில் வர அரை விநாடி போய்விடுகிறது. ஒரு வங்கித் தளம் திறக்க இப்படிப் பல முறை போய்வர வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2,300 கிலோமீட்டர் முழுவதையும் போய்த் திரும்பினாலும் 23 மில்லிவிநாடிதான். எத்தனை எம்பிபிஎஸ் (Mbps) வேகப் பிளான் வாங்கினாலும் அந்த அரை விநாடியைக் குறைக்க முடியாது.

அப்படியானால் கேபிளே போதுமா? டோங்கா தீவு நாட்டைப் பாருங்கள். 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்ததில், அந்த நாட்டை வெளியுலகோடு இணைத்திருந்த ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தது. சரிசெய்ய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை கைகொடுத்தது செயற்கைக்கோள்தான். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே சீ-மி-வி 4, ஃப்ளாக் என்ற இரண்டு கேபிள்கள் பழுதானபோது இந்தியாவிலும் இணையம் தள்ளாடியது. ஆனால் அணைந்துவிடவில்லை. மேற்கே போகும் வழி அடைபட்டாலும், சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் நோக்கி வேறு கேபிள்கள் இருந்தன.

ஆகவே என் தீர்ப்பு: முதல் வழி கேபிள், மாற்று வழி செயற்கைக்கோள். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் வகைச் செயற்கைக்கோள்களில் தாமதம் வெகுவாகக் குறைகிறது என்பது உண்மை. மலைக்கும் தீவுக்கும் கப்பலுக்கும் அது பெரிய வரம். ஃபைபர் போய்ச் சேர்ந்த ஊரில் அதையே முதன்மை இணைப்பாக வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஊருக்குள்: ஜிபானா, தெருவுக்குத் தெரு சுவிட்சா

இப்போது வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓர் இழை கிளம்பி, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கண்ணாடிப் பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குக் கிளை பிரிகிறது. இறங்குமுகமாக 2.5 ஜிகாபிட், ஏறுமுகமாக 1.25 ஜிகாபிட் அளவை அத்தனை வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இதற்குப் போட்டி, தெருக் கம்பத்திலோ அடுக்ககத்தின் மாடிப்படிக்குக் கீழேயோ பெட்டி வைத்து, அதற்குள் ஒரு சுவிட்ச் (ஓர் இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பகிர்ந்து தரும் மின்னணுக் கருவி) போட்டு, அங்கிருந்து வீட்டுக்கு வீடு கேபிள் இழுக்கும் பழைய வழி.

பங்கீடு என்று கேட்டதும் ஜிபான் மட்டம் என்று தோன்றும். என் கேள்வியைக் கேட்டால் முடிவு மாறிவிடும். ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடி, உங்கள் வீட்டில் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால், தெரு முழுக்க கரண்ட் போனாலும் இணையம் வரும். சுவிட்ச் பெட்டியில் பேட்டரி தீர்ந்தால் அந்தத் தெருவே நிற்கும். வீட்டுக்கு ஜிபான்தான் சரி.

தொழில் நடத்துபவர்கள் ஒரே நிறுவனத்தை நம்பாமல் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் வாங்கும் முன் வாசலுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில், ஒரே கட்டாகக் கட்டித் தொங்குகின்றனவா? ஒரு லாரி உரசினால் இரண்டும் சேர்ந்து போகும். இரண்டும் தெருவின் இரு முனைகளிலிருந்து வந்தால்தான் இரண்டு இணைப்பு என்று கணக்கு. அதற்கு வழியில்லை என்றால், இரண்டாவது ஃபைபருக்குப் பதில் ஒரு 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் வாங்குவது மேல்.

இரண்டு கிளைகளை இணைக்க: லீஸ்டு லைனா, விபிஎன்னா

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. லீஸ்டு லைன் என்றால் உங்களுக்கென ஒதுக்கிய பாதை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே வேகம், பழுதானால் இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. கட்டணம் பிராட்பேண்டைவிடப் பல மடங்கு. விபிஎன் என்றால் சாதாரண பிராட்பேண்ட் மேலேயே மறையாக்கம் செய்த ஒரு சுரங்கப் பாதை. ஒரு மணி நேரம் நின்றால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கணக்கிட்டுப் பாருங்கள், எது வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு விபிஎன் தாராளமாகப் போதும்.

ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குத் தனி ஐபி முகவரி தருவதில்லை, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பலரை வைத்திருக்கின்றன. ரவுட்டரின் அமைப்புகளில் வேன் (WAN, அதாவது வெளி இணைப்பு) பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் முகவரி தெரிந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள், வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேரடியாகத் தொட முடியாது. இரண்டு கிளைகளில் ஒன்றிலாவது ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத தனிப் பொது முகவரி, கேட்டு வாங்குங்கள்.

கட்டடத்துக்குள்: கேபிளா, வைஃபையா

அன்றாடம் அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. காற்று வழியும் கம்பி வழியும் பிறப்பிலேயே உறவினர்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1971-இல் தீவுகளுக்கிடையே வானொலி அலைகளால் கணினிகளை இணைத்தது அலோஹாநெட். பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளும் அந்த உத்தியை எடுத்து, 1973-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் கம்பிக்குள் கொண்டுவந்தார். அதுதான் ஈதர்நெட்.

ஆரம்பகால ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கோஆக்ஸ் கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். இதற்குப் பேருந்து அமைப்பு என்று பெயர். ஒரு கனெக்டர் கழன்றால், கடைசி முனையை மூடும் டெர்மினேட்டர் என்ற சிறு மூடி விழுந்தால், முழு வரிசையும் படுத்துவிடும். எது கழன்றது என்று மேசை மேசையாகக் குனிந்து தேட வேண்டும். ஐபிஎம் 1985-இல் சந்தைக்குக் கொண்டுவந்த டோக்கன் ரிங், வளையத்தில் முறை வைத்துப் பேசும் ஏற்பாடு. ஒழுங்கானது, ஆனால் விலை அதிகம். கடைசியில் வென்றது, நடுவில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள் என்ற நட்சத்திர அமைப்பு. கேபிள் அதிகம் பிடிக்கிறது என்றாலும், ஒரு கேபிள் போனால் ஒரு மேசை மட்டும்தான் நிற்கிறது.

வைஃபை அந்தப் பழைய பேருந்து அமைப்பின் குணத்தை ஓரளவு இன்றும் சுமக்கிறது. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், தெருக்குழாயில் ஒருவர் குடம் நிரம்பும் வரை மற்றவர்கள் காத்திருப்பதுபோல. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றுதான். கடைத்தெருவில் பக்கத்துக் கடை, மாடி அலுவலகம், எதிர்க்கடை என்று எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் கான்கிரீட் சுவர் தாண்டினால் சிக்னல் சுருங்கிவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் ஆய்வகத்து வேகம்.

கேபிளுக்கும் குறைகள் உண்டு, அவை பெரும்பாலும் போடும் விதத்தில் வருபவை. கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் தரும். சந்தையில் 305 மீட்டர் பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் அது செம்பு அல்ல, சிசிஏ, அதாவது செம்பு பூசிய அலுமினியம். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரியும். பகலில் அதில் எல்லாமே ஓடும். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் பிஓஈ கேமராவை நீளமான சிசிஏவில் மாட்டினால், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா அணைந்து அணைந்து எழும்பும். அலுமினியத்தின் மின்தடை அதிகம், கூடுதல் மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது. கேமராவை மாற்றிப் பயனில்லை, கேபிளைத்தான் மாற்ற வேண்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு, ஜிகாபிட் சுவிட்ச், ஜிகாபிட் கணினி, ஆனால் வேகம் 100 என்றே காட்டுவது. ஆர்ஜே45 முனையில் எட்டுக் கம்பிகள். வழக்கமான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நூறு மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை என்றால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடுகிறது. முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும்.

ஆக, நகராத பொருளுக்குக் கேபிள்: பில்லிங் கணினி, பிரிண்டர், கேமரா, டிவி. நகரும் பொருளுக்கு வைஃபை: போன், டேப்லெட், லேப்டாப். வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் பின்னால் கேபிளே வரட்டும். மெஷ் பெட்டிகளை (சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் பல பெட்டிகள்) காற்றிலேயே ஒன்றோடொன்று தொடுத்தால் வேகத்தில் பெரும்பகுதி அந்தத் தொடுப்பிலேயே கரையும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். அருகில் இடி விழுந்தால் இருபுறச் சுவிட்சும் கருகக்கூடும். அங்கே ஃபைபரும், அதைச் செம்புக் கேபிளோடு இணைக்க இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டரும் போடுவதுதான் சரி. மேசைமேல் புளூடூத்துக்கு ஹெட்செட், மவுஸ் போன்ற வேலைகள் போதும், பில் பிரிண்டரை அதில் தொங்கவிட வேண்டாம்.

ஃபைல் ஷேரிங்கா, சர்வரா, கிளவுடா

நான்கைந்து கணினிகள் உள்ள இடத்தில், ஒன்றில் ஃபோல்டரை ஷேர் செய்து மற்றவர்கள் அதைத் திறப்பதுதான் வழக்கம். செலவில்லை. சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் அனுமதி என்பதும் சிறிய கடைக்குத் தடையல்ல. தடை வேறு. கணக்குப் பிள்ளையின் கணினியில்தான் டேலி தரவு இருக்கிறது, அவர் மதியம் ஷட்டவுன் செய்துவிட்டுச் சாப்பிடப் போனால் மற்ற மூவரும் கைகட்டி உட்கார வேண்டும். நாலு கணினியிலும் நாலு ஷேர் என்றால் நாலு இடத்தில் இதே கதை.

சர்வர் வைத்தால் எல்லாம் ஒரே பெட்டியில் குவிகிறது, அது போனால் எல்லாரும் நிற்பார்கள். என் அளவுகோலின்படி இது மோசமாகத் தெரியலாம். ஆனால் காவல் காக்க வேண்டிய இடம் ஒன்றாகிவிடுகிறது. அதற்கு மட்டும் நல்ல யுபிஎஸ், ஒன்றின் நகலாக இன்னொன்று ஓடும் இரண்டு டிஸ்க், பூட்டிய அறை என்று செலவழிக்கலாம். விலையுயர்ந்த சர்வர்தான் வேண்டும் என்றில்லை, ஃபைல்களை வைக்க இரண்டு டிஸ்க் கொண்ட, நெட்வொர்க்கில் நேரடியாக மாட்டும் ஒரு நாஸ் (NAS) சேமிப்புப் பெட்டியே சிறு அலுவலகத்துக்குப் போதும். கிளவுடில் பெட்டியைப் பாதுகாக்கும் கவலை போய், இணைப்பைப் பற்றிய கவலை வருகிறது. பில்லிங் மென்பொருளை கிளவுடில் எடுத்தால், நெட் இல்லாதபோதும் பில் போட்டு வைத்துக்கொண்டு பிறகு ஏற்றும் வசதி அதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாடிக்கையாளர் வைஃபையையும் கேமராக்களையும் பில்லிங் கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கிலேயே விடக் கூடாது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அப்டேட் செய்யாத ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றவற்றைத் தானே தேடிப் போனது. சாதாரண ரவுட்டரிலும் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறது, வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொடுங்கள். கேமராக்களுக்கு விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரிக்கத் தெரிந்த சுவிட்ச் வாங்குங்கள். தரவின் நகல் ஒன்று எந்தக் கணினியோடும் இணைக்காத வெளி டிஸ்க்கில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு கம்பெனி ஃபைலை எடுத்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.