அலிகாந்தேயில் குடியேற உதவிய ஹெஸ்தோரியா: பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் ஸ்பெயினின் அலிகாந்தேக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. பார்சிலோனா வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கடலும் வேண்டும், நடந்தே சந்தைக்குப் போய்வரவும் வேண்டும் என்று தேடியதில் அமைந்த ஊர் இது. விசாவை நாங்களே வாங்கிவிட்டோம்: இங்கே வேலை பார்க்காமல் சொந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கானது. எனக்கு மாதம் 2,400 யூரோ, மனைவிக்கு 600 யூரோ என்ற கணக்கில் வருமானம் காட்டினோம். வந்திறங்கிய பிறகுதான் பெனலூவா பகுதியில் உள்ள இந்த ஹெஸ்தோரியாவுக்குப் போனோம். அரசு அலுவலக வேலைகளை நமக்காக முடித்துக்கொடுக்கும் இடம் இது.

முதலில் வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார் அங்கிருந்த அம்மையார். 'தெம்பொராதா' என்ற சொல்லில் பேனாவை நிறுத்தினார். அப்படியென்றால் தற்காலிகக் குடியிருப்பு. நிரந்தரக் குடியிருப்பு என்று எழுதினால், தனிநபர் வீட்டில் ஐந்தாண்டு வரை இருக்கும் உரிமை சட்டப்படி கிடைக்கும். வீட்டுக்காரரிடம் அவரே தொலைபேசியில் பேசி மாற்ற வைத்தார்.

ஆனால், இந்த அலுவலகத்துக்கு நான் கடன்பட்டிருப்பது பெயர் விஷயத்தில்தான். ஸ்பானியப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்கள். வழக்கமாக முதலாவது அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் என் பெயர். இங்கே கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அதனால் போன இடமெல்லாம் எழுத்துப் பிழையோ என்று கேட்டார்கள். ஒரு வங்கியில் என் பெயரையே மனைவியின் முதல் பெயராக ஏற்றிவிட்டார்கள். பெயர் காகிதத்துக்குக் காகிதம் மாறினால் ஒவ்வொரு வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

அம்மையார் இரண்டு பாஸ்போர்ட்டையும் அருகருகே விரித்து, புகைப்படத்துக்குக் கீழே, இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "இதுதான் உங்கள் பெயர். எங்கும் இதே வரிசை. இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்கட்டும்" என்றார். நகராட்சியின் குடியிருப்போர் பதிவு, வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கான இ.எக்ஸ்-17 விண்ணப்பம், கட்டணப் படிவம் 790 எல்லாம் அப்படியே தயாராயின. வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார்.

அடையாள அட்டைக்கு, வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் அலுவலகத்தில் கைரேகை வைக்க இணையத்தில் முன்பதிவு கிடைப்பதுதான் பெரும்பாடு; அதையும் அவர்களே பிடித்துக்கொடுத்தார்கள். காகிதங்களைப் பார்த்த காவலர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனைவியின் விரல்களில் ரேகை தேய்ந்திருந்ததால் மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வீடு தேடித் தர மாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். கொஞ்சமாவது ஸ்பானிய மொழி தெரிந்திருப்பது நல்லது. குளிரைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: வெளியே வெயில் அடிக்கும்போதும் சூடேற்றும் வசதியில்லாத வீட்டுத் தரை ஜனவரியில் காலைக் கடிக்கிறது.

முதல் அட்டை ஓராண்டுக்குத்தான். காலாவதியாவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கேட்கலாம். அடுத்தது இரண்டாண்டுக்குத் தருவார்கள். அந்தத் தேதியை அம்மையார் தம் நாட்காட்டியில் எங்கள் இருவர் பெயரோடும் பிழையில்லாமல் குறித்து வைத்திருக்கிறார்.