ஓப்பன்ஃபோம்ல கண்டென்சர் காயில் சிமுலேஷன்: ஓட்டிப் பார்த்தவன் ரிவ்யூ

ஏசி கண்டென்சர் காயில் (டியூப் மேல ஃபின்னுங்கற மெல்லிசு தகடு வரிசையா கோத்து சூட்டை வெளிய தள்ற பாகம்) வழியா காத்து எப்படி போகுது, எவ்வளவு சூட்டை வாங்கிட்டு வெளிய வருது, ப்ரெஷர் டிராப் எவ்வளவுன்னு பார்க்கணும், ஆனா கமர்ஷியல் சிஎஃப்டி (காத்து ஓட்டத்தை கம்ப்யூட்டர்ல கணக்கு போடறது) லைசென்ஸ் வாங்க பட்ஜெட் இல்லைன்னா ஓப்பன்ஃபோம்ங்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை தாராளமா எடுத்துக்கலாம். காயில் டிசைன் வேலைக்கு இதைத்தான் ஓட்டிட்டு இருக்கேன். ட்ரை காயிலுக்கு, அதாவது தண்ணி படியாத காயிலுக்கு, 5க்கு 4 கொடுப்பேன், ஏன் ஒரு மார்க் குறைச்சேன்னு கீழ சொல்றேன்.

லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஆரம்பிச்சது, 2004 கடைசில ஜிபிஎல் லைசென்ஸ்ல ஓப்பன் சோர்ஸா விட்டாங்க. புதுசா வர்றவங்க முதல்ல குழம்புறது இது ரெண்டு கிளையா இருக்கறதுலதான், ஃபவுண்டேஷன் வெர்ஷன் 11, 12ன்னு போகும், ஈஎஸ்ஐ வெர்ஷன் வி2312, வி2406ன்னு வருஷம் மாசத்தை வச்சு போகும். ஒண்ணுல எழுதின கேஸ் (ஒரு ரன்னுக்கான செட்டப் ஃபைல்கள்) இன்னொண்ணுல அப்படியே ஓடாது. காத்தையும் உலோகத்தையும் சேர்த்து ஒரே ரன்ல தீர்க்கற சால்வர் ஈஎஸ்ஐ பக்கம் சிஎச்டி-மல்டிரீஜன்-ஃபோம், ஃபவுண்டேஷன் பக்கம் 11லேர்ந்து ஃபோம்-மல்டிரன்னு மாத்திட்டாங்க. ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதுலயே நில்லுங்க.

இப்ப வேலைக்கு வர்றேன். முழு காயிலையும் அப்படியே மெஷ் போட (குட்டி குட்டி செல்லா பிரிக்க) நினைக்காதீங்க. ஃபின் தடிமன் 0.1 மிமீ, ஃபின் பிட்ச் (ஒரு ஃபின்லேர்ந்து அடுத்த ஃபின் தூரம்) 1.8 மிமீ, காயிலோ ஒரு மீட்டர் அகலம், எந்த மெஷினும் தாங்காது. ஒரு ஃபின்னோட பாதி தடிமன், பக்கத்து இடைவெளில பாதி, அவ்வளவுதான், ரெண்டு பக்கமும் சிமெட்ரி (கண்ணாடி பிம்பம் மாதிரி அதேதான்னு வைக்கறது), அந்த மெல்லிசு துண்டு போதும். இதுக்கு தானா மெஷ் போடற டூல் ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் எனக்குப் பிடிக்கல, அவ்வளவு மெல்லிசான ஃபின்னை அது சரியா பிடிக்கணும்னா செல் எண்ணிக்கை எகிறிடும். பிளாக்மெஷ்ல கையால பிளாக் எழுதறது சலிப்பான வேலைதான், ஆனா ஃபின் தடிமனுக்குள்ள எத்தனை செல், இடைவெளில எத்தனை செல்னு முழுசா நம்ம கன்ட்ரோல்ல இருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சதே ஃபின்னுக்குள்ள சூடு கடத்தறதையும் சேர்த்து கணக்கு போடறதுதான். நிறைய பேர் ஃபின் முழுக்க டியூப் டெம்பரேச்சர்னு வச்சு ஓட்டிடறாங்க, அப்ப கிடைக்கற ஹீட் நிஜத்தை விட அதிகமாத்தான் வரும், ஏன்னா டியூப்லேர்ந்து தள்ளிப் போகப் போக ஃபின் ஆறிக்கிட்டே போகும், அதைத்தானே ஃபின் எஃபிஷியன்சின்னு சொல்றோம். அலுமினிய ஃபின்னை தனி ரீஜனா கொடுத்தா அது தானா வந்துடும். டியூப்பைச் சுத்திப் பிடிக்கற ஃபின் காலருக்கும் காப்பர் டியூப்புக்கும் நடுவுல இருக்கற கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸைக்கூட (சூடு தாண்டறதுக்கு வர்ற தடை) பவுண்டரி கண்டிஷன்லயே (எல்லைல கொடுக்கற நிபந்தனை) லேயர் தடிமன், கண்டக்டிவிட்டி கொடுத்து சேர்த்துக்கலாம். டியூப்பை விரிச்சு ஃபின்னோட இறுக்கற எக்ஸ்பேன்ஷன் லூஸா இருந்தா காயில் எவ்வளவு அடி வாங்கும்னு பார்க்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

டர்புலன்ஸ் மாடல் (காத்து சுழிச்சு கலங்கி ஓடறதுக்கான கணக்கு) போடணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. 9.52 மிமீ டியூப், 25.4 மிமீ டியூப் பிட்ச், முகப்புல 2 மீ/செ காத்து வச்சுக்கோங்க, டியூப் நடுவுல நெருக்கத்துல வேகம் 3.4 பக்கம் ஏறும், ஃபின் இடைவெளியை வச்சு ரெனால்ட்ஸ் நம்பர் (ஓட்டம் எவ்வளவு கலங்கும்னு காட்டற எண்) போட்டா 350 சுத்திதான் வரும். ப்ளெயின் ஃபின்னுக்கு லேமினார்லயே (கலங்காத சீரான ஓட்டம்) ஓட்டுங்க. பழக்கத்துக்கு எஸ்எஸ்டி டர்புலன்ஸ் மாடல் போட்டா இன்லெட்ல நீங்க கொடுக்கற டர்புலன்ஸ் மதிப்பைப் பொறுத்து ரிசல்ட் ஆடும்.

ரன் முடிஞ்சதும் ரிசல்ட் பார்க்கற சாஃப்ட்வேர் பாராவியூல கலர் படம் பார்த்து திருப்தி ஆகிடாதீங்க. காத்து வாங்கின சூடு, டியூப் சுவர் கொடுத்த சூடு, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு முதல்ல பாருங்க. அவுட்லெட் டெம்பரேச்சரை வெறும் பரப்பளவு சராசரியா எடுக்காம மாஸ் ஃப்ளோ வெயிட்டேஜ்ல எடுங்க, ஏன்னா டியூப்புக்குப் பின்னாடி காத்து சுத்திக்கிட்டே நிக்கற இடம் இருக்கு, அங்க சூடு அதிகம், ஓட்டம் கம்மி. அவுட்லெட்டை நல்லா தள்ளி வைங்க, இல்லன்னா ரிவர்ஸ் ஃப்ளோ வந்து கணக்கைக் கெடுக்கும். அப்புறம் வாங், சி, சாங் மூணு பேர் 2000ல 74 காயில் டேட்டா வச்சுப் போட்ட ப்ளெயின் ஃபின் கோரிலேஷனோட (டெஸ்ட் டேட்டாலேர்ந்து எடுத்த சூத்திரம்) ஒப்பிடுங்க, ரொம்ப விலகினா மெஷ்ஷைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

துண்டு சரியா வந்துட்டா முழு யூனிட்டுக்குப் போறது ஈசி. 1லேர்ந்து 3 மீ/செ வரைக்கும் சில வேகத்துல ப்ரெஷர் டிராப் எடுத்து வளைவு பொருத்தி டார்சி ஃபோர்க்ஹைமர் எண்களா (காத்துக்கு வர்ற தடையைச் சொல்ற எண்கள்) மாத்தி காயிலை போரஸ் பெட்டியா (ஸ்பாஞ்ச் மாதிரி காத்து புகற பெட்டி) வச்சுடலாம், ஃபின்னுக்கு குறுக்க போற திசைல மட்டும் ரெசிஸ்டன்ஸை ரொம்ப பெருசா வைக்கணும். ஃபேன் காத்து காயில் முகப்புல எங்க குறையுதுன்னு அப்பத்தான் பளிச்சுன்னு தெரியும்.

மார்க் குறைச்சதுக்கு காரணம் டாக்குமென்டேஷன். ஒரு கீவேர்டுக்கு என்ன அர்த்தம்னு தெரிய பல நேரம் டியூட்டோரியல் கேஸைத் திறக்கணும், இல்ல சோர்ஸ் கோடையே படிக்கணும். லினக்ஸ் பழக்கம் இல்லாதவங்க விண்டோஸ்லயே டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டற வசதி) போட்டு ஆரம்பிக்கலாம், ஆனா மவுஸால மட்டும் வேலை முடியணும்னு நினைக்கறவங்களுக்கு இது ஒத்து வராது.

வெட் காயில் கதை வேற. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல ஓடற இன்டோர் காயில்ல தண்ணி படியும், ஃபின் நடுவுல துளி பாலமா நின்னு காத்தைத் தடுக்கும், ப்ரெஷர் டிராப் ஏறும், வாங்கற ஹீட்லயும் ஒரு பங்கு ஈரத்தை எடுக்கவே போயிடும். மேல சொன்ன செட்டப்ல இது எதுவுமே வராது. அந்த மாதிரி காயிலுக்கு ட்ரை ரன்னை வச்சு ஃபின் டிசைன் ரெண்டுல எது தேவலாம்னு பாருங்க, கெப்பாசிட்டி எண்ணை டெஸ்ட் ரூம்ல ஓட்டி எடுத்த பிறகே கேட்டலாக்ல போடுங்க.