இரவில் மட்டும் அணையும் கேமரா: தனி அடாப்டரா, ஒரே எஸ்எம்பிஎஸ்ஸா, பி.ஓ.இ.யா?

வீட்டு சிசிடிவி கேமராவில் பகல் முழுக்கப் படம் பளிச்சென்று இருக்கும். இருட்டத் தொடங்கியதும் கேமராவிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம், படம் போய்விடும். சில நொடியில் திரும்ப வரும், மறுபடி ‘டிக்’. படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியில் ‘வீடியோ லாஸ்’ வந்து வந்து போகும். கேமரா போச்சு என்று புதிது வாங்கி மாட்டினால் பெரும்பாலும் அதுவும் அதையேதான் செய்யும்.

அந்த ‘டிக்’ கேமராவுக்குள் ஐஆர் (அகச்சிவப்பு) ஃபில்டர் நகரும் சத்தம். 12 வோல்ட் கேமரா பகலில் ஏறக்குறைய 150 முதல் 200 மில்லிஆம்ப் இழுக்கும். இருட்டியதும், இருளில் படம் தெரிய உதவும் ஐஆர் எல்இடிக்கள் எரிய ஆரம்பித்தால் 400 வரை போகும். கரண்ட் இரட்டித்தால் ஒயரில் இழக்கும் வோல்டேஜும் இரட்டிக்கும். கேமரா முனையில் வோல்டேஜ் சரிந்து ரீசெட் ஆகும்; எல்இடி அணைந்ததும் வோல்டேஜ் ஏறும்; கேமரா எழுந்து மறுபடி எல்இடியைப் போடும். விடிய விடிய இதே கூத்து.

கணக்கு எளிது. மலிவான 3+1 கேபிளில் (மூன்று மெல்லிய ஒயரும் ஒரு வீடியோ ஒயரும் சேர்ந்தது) பவர் ஒயர் 0.22 சதுர மி.மீ. அளவுதான் இருக்கும். 30 மீட்டர் தூரம் என்றால் போக, வர 60 மீட்டர். சுத்தச் செம்பாக இருந்தால் 4.7 ஓம், 0.4 ஆம்ப் ஓடும்போது 1.9 வோல்ட் அதிலேயே போய்விடும். செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் 7.5 ஓம், இழப்பு 3 வோல்ட். கேமராவுக்குக் கிடைப்பது வெறும் 9. பல கேமராக்கள் 12 வோல்ட்டில் கால் பங்கு வரை குறைந்தாலும் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் போட்டிருப்பார்கள். 9 என்பது அந்த விளிம்பு. போதாக்குறைக்கு, வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டை எடுக்கக் கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும். ஒயர் செம்பா என்று பார்க்க ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

அளப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கேமரா பின்னைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் லோடே இல்லாததால் 12 வோல்ட் ஜம்மென்று காட்டும். பவரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு டிசி ஸ்ப்ளிட்டரைப் போட்டு, கேமரா ஓடும்போதே அளக்க வேண்டும். பகலில் என்றால் கேமரா முகப்பைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், எல்இடி எரியும். அப்போது 11-க்கு மேல் இருந்தால் பிரச்சினை வேறு எங்கோ. 10-க்குக் கீழே என்றால் பவர்தான். இனி எந்த வழியில் பவர் கொடுப்பது என்று பார்க்கலாம்.

தனி அடாப்டர்

கேமரா பக்கத்திலேயே 12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர் வைத்தால் 12 வோல்ட் ஓடும் தூரம் ஒன்றிரண்டு மீட்டர்தான். இழப்பு பேச்சுக்கே இல்லை. ஒன்று போனால் ஒரு கேமராதான் போகும். ஆனால் கேமரா இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் 230 வோல்ட் பாயின்ட் வேண்டும், அதுவும் மழை படும் இடத்தில் மூடிய பெட்டிக்குள். அந்த பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் கேமராவும் போய்விடும். திருடனுக்கு அதுதானே வேண்டும்! மலிவு அடாப்டரில் ‘2 ஆம்ப்’ என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். வெயிலில் வெந்த பெட்டிக்குள் அவுட்புட் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டால் லோடு இல்லாமல் 12 காட்டும், கேமராவைச் செருகியதும் 8-க்கு விழும்.

ஒரே எஸ்எம்பிஎஸ்

230 வோல்ட்டை 12 ஆக்கி எல்லாக் கேமராவுக்கும் பிரித்துத் தரும் ஒரே பவர் பெட்டி. நம் வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். 4 கேமராவுக்கு 5 ஆம்ப், 8 கேமராவுக்கு 10 ஆம்ப் பெட்டி. டிவிஆர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ஒரே இன்வெர்ட்டர் பாயின்ட் போதும். கிட்ட இருக்கும் கேமராக்களுக்கு இதைவிட வசதி இல்லை. வம்பு வருவது கேட் பக்கம் 40 மீட்டர் தள்ளி இருக்கும் அந்த ஒன்றுக்கு.

பெட்டியில் ‘வி.ஏடிஜே’ என்று ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் திருப்பி 12-ஐ 13 ஆக்கினால் தூரக் கேமரா பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த 13 வோல்ட் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவுக்கும் முழுசாகப் போகும். அது எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள், 13-ஐத் தாண்டாதீர்கள். அதைவிட நல்ல வழி, அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் தனியாக இழுப்பது. 40 மீட்டருக்கும் இழப்பு அரை வோல்ட்டைச் சற்றுத்தான் தாண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் எல்லாக் கேமராவின் மைனஸும் ஒன்று. இதனால் ஒரு விசித்திரப் பழுது வரும். ஒரு கேமராவின் மைனஸ் ஒயர் அறுந்தாலும் அது அணையாது. கரண்ட் அதன் வீடியோ கேபிளின் ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றிய உலோகப் பின்னல்) வழியாக டிவிஆருக்குப் போய், இன்னொரு கேமராவின் ஷீல்டு, மைனஸ் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் திரும்பிவிடும். படத்தில் கோடு ஓடும், அதுவும் பழுதே இல்லாத கேமராவிலும் சேர்ந்து ஓடலாம். கேமராக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது மற்றவை தெளிகின்றனவோ அதன் மைனஸில் கை வையுங்கள். தனி அடாப்டரில் இந்தத் தொல்லை இல்லை.

சேனலுக்குத் தனி ஃப்யூஸ் உள்ள பெட்டியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் போய் ஷார்ட் ஆனாலே வீட்டின் எல்லாக் கேமராவும் ஒன்றாக மினுக்கும். காற்றோட்டத் துளை உள்ள பெட்டிக்குள் பல்லி போய் எரிந்து கிடப்பதும் சகஜம். துளைக்கு வலை ஒட்டலாம், அடைத்துவிடக் கூடாது. மெயினை அணைக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். கோடு ஓடுகிறது என்று எர்த் பின்னை வெட்டுவதும் வேண்டாம். கேமரா இரும்புக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் நடுவே பிவிசி பெட்டி வைத்துப் பிரியுங்கள்.

பி.ஓ.இ.

‘பவர் ஓவர் ஈதர்நெட்’ என்பதன் சுருக்கம்; நெட்வொர்க் கேபிளிலேயே பவரும் போகும். இதன் பலம் 48 வோல்ட்டில் இருக்கிறது: 5 வாட் கேமராவுக்கு 0.1 ஆம்ப் போதும். கரண்ட் கால் பங்கானதால் 100 மீட்டர் ஓடினாலும் இழப்பு ஒன்றரை வோல்ட்டைத் தாண்டாது. 48-இல் அது ஒன்றுமே இல்லை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரப்படி, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. இருட்டினால் அணையும் நோய் இங்கே அநேகமாக இல்லை.

ஆனால் ‘பி.ஓ.இ.’ என்று விற்பதெல்லாம் அதுவல்ல. தரப்படியான ஸ்விட்ச், மறுமுனையில் இருப்பது பவர் வாங்கும் கருவிதானா என்று சோதித்த பிறகே 48-ஐ விடும். ‘பாஸிவ்’ வகை எதுவும் கேட்காமல் விட்டுவிடும். ஏமாந்து லேப்டாப்பைச் செருகினால் போர்ட் போகலாம். கேபிள் வாங்கும்போதும் அதே அலுமினிய மோசடி உண்டு. கேட்6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு ரகம்) என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

இன்னொரு தவறு கேபிள் முனையில் பிளக்கை அமுக்கி மாட்டுவதில், அதாவது கிரிம்ப் செய்வதில். இரண்டு முனையிலும் ஒரே வரிசை என்றால் போதும் என்று சிலர் தோன்றியபடி அடுக்குவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். தூரம் கூடியதும் படம் தடுமாறும். ஜோடி ஜோடியாக முறுக்கிய ஒயர்கள் வேறு வேறு இடத்துக்குப் பிரிந்ததுதான் காரணம். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு: இந்த வரிசைதான். வெளியே இருக்கும் ஆர்ஜே45 முனைக்கு கேமராவோடு வரும் வாட்டர்ப்ரூஃப் கூட்டை மறக்காமல் போடுங்கள். கடலோர ஊர்களில் அது இல்லாத பின்களில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

குறை என்னவென்றால், இதற்கு நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமராவும் அதன் பதிவுப் பெட்டியான என்விஆரும் வேண்டும். டிவிஆருக்குப் போகும் பழைய கோஆக்ஸ் வீடியோ கேபிள் அப்படியே உதவாது. இடி மின்னல் சர்ஜ் ஒரே கேபிள் வழியாக ஸ்விட்ச் வரை வரும், ஸ்விட்ச் போனால் எல்லாம் போகும்.

வைஃபை, சோலார்

வைஃபை என்றாலும் பவர் ஒயர் உண்டு, அதுவும் பல மாடல்களில் 5 வோல்ட். மெல்லிய 5 மீட்டர் யூஎஸ்பி கேபிளிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும், நீட்டாதீர்கள். தூரம் வேண்டுமென்றால் 12 வோல்ட்டை இழுத்துக் கேமரா பக்கத்தில் 5 ஆக இறக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். பேட்டரி, சோலார் மாடல்கள் பெரும்பாலும் ஆள் அசைந்தால்தான் பதிவு செய்யும். 24 மணி நேரப் பதிவு வேண்டியவருக்கு ஆகாது. வாடகை வீட்டுக்குச் சரி.

எதில் போகலாம்?

கோஆக்ஸ் ஏற்கெனவே ஓடும் வீட்டில் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் இருக்கட்டும், மக்கர் செய்யும் தூரக் கேமராவுக்கு மட்டும் தடித்த ஒயரோ, கேட் பக்கம் இன்வெர்ட்டர் லைன் இருந்தால் தனி அடாப்டரோ போதும். ஒன்றிரண்டு கேமரா மட்டும் என்றால் அடாப்டர். புதுவீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், பி.ஓ.இ.தான்: சுவர் பூசும் முன்பே 230 வோல்ட் பைப்பிலிருந்து தள்ளித் தனி பைப் போட்டு, சுத்தச் செம்பு கேட்6-ஐ இழுத்து, ஒவ்வொரு கேமரா பெட்டியிலும் அரை மீட்டர் மிச்சம் சுருட்டி வையுங்கள். களிம்பு ஏறிய முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ய அது வேண்டியிருக்கும்.